ஒன்பது அடி நாலு அங்குலம்

மஞ்சக்குழி எஸ்டேட்,
மூன்றாம் லயம்,
10-2-1974

அன்புள்ள தம்பி வீரபாண்டிக்கு,

அக்கா அழகுத்தாய் எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் மகள் ராமுத்தாயும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். பனி இந்த வருஷம் கடுமை. மச்சானுக்கு இருமல் மட்டும் விடவில்லை. நீயும் செல்லாத்தாளும் எப்படி இருக்கிறீர்கள்?

என்னைப் பஞ்சாயத்து மெம்பர் ஆக்கியிருக்கிறார்கள். சிரிக்காதே. ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டமாம். முன்பிருந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டதால் யூனியன்காரர்கள் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் பேசுவதெல்லாம் மலையாளம். பேச்சு புரிகிறது, எழுத்துத்தான் தெரியவில்லை.

போன கூட்டத்தில் பிரசிடெண்ட் மத்தாயிச்சன் ஒரு கடிதம் வாசித்தார். மலைநாட்டுப் பஞ்சாயத்துகளுக்கு டெல்லி சர்க்கார் பணம் தரப் போகிறதாம். அவசரமான வேலைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, எது முதல் எது கடைசி என்று வரிசைப்படுத்தி, ஆகஸ்டு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். கிடைத்தால் வரிசையில் முதலாவது கிடைக்கும், மற்றதை நம்ப வேண்டாம் என்றார். பஜார் மெம்பர்களுக்கு பஸ் ஸ்டாண்டு வேண்டும். பிரசிடெண்டுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி. நான் கரடியாற்றுக்குப் பாலம் என்றேன். எங்கள் பக்கம் எண்பத்துநாலு வீடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கொழுந்து நிறுக்கும் இடம் எல்லாம் அந்தக் கரையில். நடுவில் பாலமாகப் போட்ட இரண்டு மரத்தடி. அதுவும் ஒவ்வோர் ஆடியிலும் ஆற்றோடு போய்விடும். உனக்குத் தெரியாததா?

"படம் வேணமல்லோ மெம்பரே. நம்ம பஞ்சாயத்தில் எஞ்சினீயர் எவிடே?" என்றார் பிரசிடெண்ட்.

"எந் தம்பி சித்தூருல மராமத்து ஆபீசுல படம் வரையுதான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா அழகுத்தாய்

சித்தூர்,
22-2-1974

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வீரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். மச்சானுக்கு டிஸ்பென்சரி மருந்தோடு சுக்குக் கஷாயமும் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாள் செல்லாத்தாள். நீ மெம்பரானதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. அவள்தான், "ஏனுங்க, இனி அண்ணிக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சுத்தானுங்க பேசோணும்" என்றாள்.

தப்பொன்றும் இல்லை. நான் வரைகிறேன். பத்து வருஷமாக மற்றவர்கள் போட்ட படத்தைத்தான் டிரேசிங் துணியில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது நானே போடும் முதல் படம். எங்கள் ஓவர்சியர் கோவிந்தன்குட்டி சார் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆற்றின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து எழுது. இரு கரையிலும் பாறையா மண்ணா என்று கடப்பாறை போட்டுப் பார். வெள்ளம் அதிகபட்சம் எவ்வளவு உயரம் வந்தது என்பதும் வேண்டும். மச்சானுக்கு என் அன்பு.

தம்பி,
வீரபாண்டி

மஞ்சக்குழி,
18-3-1974

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். கஷாயத்தில் இருமல் பாதி குறைந்துவிட்டது. செல்லாத்தாளிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றை அளந்தோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கிணற்றுக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு முனையை உன் மச்சான் பிடித்துக்கொண்டார், மறு முனையை நானும் பக்கத்து வீட்டுப் பூமாரியும் பிடித்தோம். மரத்தடி கிடக்கும் இடத்தில் அறுபத்திரண்டு அடி. மேலே எழுபத்தொன்று. கீழே, இரண்டு பக்கமும் பாறை இருக்கும் இடத்தில் ஐம்பத்தெட்டு. உன் மச்சான் மூன்று தடவை திரும்ப அளக்கச் சொன்னார். "படம் போடுறவன் டெல்லி வரைக்கும் காட்டுவான். நாம ஒரு அடி தப்பாச் சொன்னா மச்சினன் மானம் போயிரும்லா" என்றார்.

எஸ்டேட் ரைட்டர் பாஸ்கல் வந்துவிட்டார். "யாரைக் கேட்டு அளக்குதீக? அந்தக் கரை கம்பெனி நிலம்" என்றார்.

"நிலத்த அளக்கல ரைட்டரய்யா, ஆத்தத்தான் அளக்கோம்" என்றாள் பூமாரி. பிறகு அவரே நிழலில் உட்கார்ந்து நாங்கள் சொன்ன அளவையெல்லாம் தாளில் குறித்துக் கொடுத்தார். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெள்ளத்தின் உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டேன். ஒருத்தர் கழுத்தளவு என்கிறார், இன்னொருத்தர் ஆள் உயரம் என்கிறார். போதுமா?

அக்கா

சித்தூர்,
8-4-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அளவுகள் அருமை. பாஸ்கல் அவர்களுக்கு என் நன்றியைச் சொல். ஐம்பத்தெட்டு அடி இடத்தில்தான் பாலம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கழுத்தளவு போதாது. யார் கழுத்து என்று கேட்பார்கள். வெள்ள உயரம் தெரிந்தால்தான் பாலத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தீர்மானிக்க முடியும். அடியும் அங்குலமும் தெரிய வேண்டும். பொள்ளாச்சி வழியாக வரும் பஸ்ஸில் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இப்போதே, தண்ணீர் குறைவாக இருக்கும்போது, அடிமட்டத்திலிருந்து பாறையில் அடிக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். வெள்ளம் உச்சத்தில் இருக்கும் அன்று எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வடிந்த பிறகு கறையை வைத்துச் சொல்லக் கூடாது, அடுத்த மழை அதைக் கழுவிவிடும். அந்த எண் வரும் வரை படத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பேன்.

தம்பி

மஞ்சக்குழி,
14-8-1974

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் செல்லாத்தாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்ட அளவு இது. எட்டு அடிக்கு மேல் ஏறாது என்று எட்டுக் கோட்டோடு நிறுத்தியிருந்தோம். ஜூலை 27-ஆம் தேதி எட்டாவது கோடும் மூழ்கியது. அதற்கு மேல் ஓர் அடி நாலு அங்குலம். மொத்தம் ஒன்பது அடி நாலு அங்குலம். வடிந்த பிறகு நானே கயிறு பிடித்துச் சரிபார்த்துவிட்டேன்.

படத்தை உடனே அனுப்பு. 24-ஆம் தேதி கூட்டத்தில் வரிசை எழுதுகிறார்கள். பாதை மண் சரிந்து கிடக்கிறது, பஸ் இல்லை. இப்போது யாரும் வர வேண்டாம்.

அக்கா

சித்தூர்,
19-8-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. கிடைத்த கையோடு எண்ணைப் படத்தில் போட்டு, இன்று ரிஜிஸ்டர் தபாலில் பிரசிடெண்டுக்கு அனுப்பிவிட்டேன். கோவிந்தன்குட்டி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "வீரபாண்டி, இது ஆபீசில் போட்ட படம் போலத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

உன் கடிதத்தை செல்லாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். "ஏனுங்க, அண்ணனைப் பத்தி ஒரு வரி கூட இல்லீங்களே? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்கிறாள். மழையில் இருமல் கூடிவிட்டதா? மச்சானையே இரண்டு வரி எழுதச் சொல். அவர் அளவெடுத்த படத்தை அவருக்குக் காட்ட ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆற்றைக் கடக்கும்போது இறந்தவர்களின் பட்டியலும் மனுவோடு வேண்டும் என்று பிரசிடெண்ட் கேட்டிருக்கிறார். விவரம் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து நானே டைப் அடித்துத் தருகிறேன்.

தம்பி

மஞ்சக்குழி,
29-8-1974

அன்புள்ள தம்பிக்கு,

ராமுத்தாய் பள்ளிக்குப் போகிறாள். எனக்கும் காய்ச்சல் ஒன்றுமில்லை.

படம் வந்தது. கூட்டத்தில் மேஜையில் விரித்தார்கள். நாலு மூலைக்கும் டீ கிளாஸ் வைத்தார்கள். பஜார் மெம்பர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். தொட்டிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வெறும் பெயர்தான் இருந்தது. "படம் உள்ளது பாலத்துக்கு மட்டும்தான். டெல்லிக்காரன் கேட்டால் காட்ட ஒரு காகிதமாவது வேணம்" என்று பிரசிடெண்ட் பாலத்தை முதலாவதாக எழுதினார். ஐந்து பேர் கை தூக்கினார்கள், மூன்று பேர் தூக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

இறந்தவர் பட்டியலை நீ டைப் அடிக்க வேண்டாம். அதை இங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

சித்தூர்,
12-9-1974

அன்புள்ள அக்காவுக்கு,

பிரசிடெண்ட் மத்தாயிச்சன் பட்டியலை எனக்கே அனுப்பிவிட்டார். பஞ்சாயத்தின் டைப் மெஷின் பழுதாம். நான் யார் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதில் மச்சானின் பெயர் இருப்பது எனக்கு இன்னும் தெரியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆபீஸ் முடிந்து நானே டைப் அடிக்க உட்கார்ந்தேன். வரிசையாக ஆறு பெயர் அடித்தேன். ஏழாவது இது:

"பெரியமுத்து, வயது 46, கம்பெனித் தொழிலாளி. 27-7-74. சடலம் 29-ஆம் தேதி இரண்டு மைல் கீழே கிடைத்தது."

வேறு பெரியமுத்துவாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு வீட்டு எண்ணைப் பார்த்தேன். அதையும் அடித்தேன். பிழை இல்லை.

அக்கா, பதினாறாம் நாள் உனக்குக் கோடி எடுத்துப் போட வேண்டியவன் நான். நமக்கு அப்பா அம்மா இல்லை, வேறு ஆளும் இல்லை. யார் போட்டார்கள்? நீ பதினாறு கழித்து மூன்றாம் நாள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். அதில் அளவு இருக்கிறது.

செல்லாத்தாள் விஷயம் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை. நாளைக்கு இருவரும் உடுமலை வழியாகக் கிளம்புகிறோம். இந்தக் கடிதம் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் இதையெல்லாம் கேட்க மாட்டேன்.

வீரபாண்டி

மஞ்சக்குழி,
6-10-1974

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நல்லபடியாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். செல்லாத்தாள் எடுத்து வந்த சேலையை உடுத்திக்கொண்டேன். இங்கே இருந்த மூன்று நாளும் நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ போன பிறகு உன் கடிதம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கோடி யாரும் போடவில்லை. பூமாரி அவள் பெட்டியில் இருந்த சேலையைக் கொண்டு வந்தாள். என் தம்பி போட வேண்டியது என்று வாங்கவில்லை.

அன்றைக்குக் காலையில் வேலை இல்லை, மழை. நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டாவது கோடு போன பிறகும் தண்ணீர் ஏறியது. உச்சிப் பொழுதில் நின்றது. "வடியட்டும், கறையை வச்சுப் பாத்துக்கிடலாம்" என்றார் அவர். நான்தான், "கறை கூடாதுன்னு தம்பி எழுதியிருக்கான்லா, இப்பவே ஒரு கோடு போட்டுட்டு வாங்க" என்றேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் பாறையில் இறங்கினார். இந்த முனையை நானும் பக்கத்து லயத்துச் செல்லத்துரையும் பிடித்திருந்தோம். கோடு போட்டார். பிரஷை எடுக்கும் முன்னே மேலேயிருந்து ஒரு மரம் வந்தது. கயிறு கையில் இருந்தது. அவர் இல்லை.

சொன்னால் நீ படத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. இது ஒரு காரணம். இன்னொன்று, அந்த அளவைக் கேட்டது நீ. தெரிந்தால் அந்த எண்ணை உன் கையால் எழுத முடியாது என்று நினைத்தேன். எழுதி முடித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் உன் ஆபீசுக்கே வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

சித்தூர்,
2-12-1974

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மச்சானைக் கோடு போட நீதான் அனுப்பியதாக எழுதியிருக்கிறாய். நான் எழுதாததை இப்போது எழுதுகிறேன். டெல்லிக்குப் போகும் மனு ஃபாரத்தின் மாதிரி ஏப்ரலிலேயே என்னிடம் இருந்தது. வெள்ள உயரம் என்ற இடத்தில் "ஏகதேசம்" என்று அச்சடித்திருந்தது. ஏறக்குறைய என்றுதான் அதற்கு அர்த்தம். கோவிந்தன்குட்டி சாரும், "ஆள் உயரம் என்றால் ஆறடி போட்டுக்கோ" என்றார். நான்தான் கேட்கவில்லை. என் முதல் படத்தில் ஏறக்குறைய என்று ஒரு சொல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

செல்லாத்தாளிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

வீரபாண்டி

மஞ்சக்குழி,
20-2-1975

அன்புள்ள தம்பிக்கு,

நானும் ராமுத்தாயும் சுகம். செல்லாத்தாள் முழுகாமல் இருப்பதாக அவள் எழுதிய கார்டில் தெரிந்துகொண்டேன். அவளைக் குடம் தூக்க விடாதே.

போன வாரம் டெல்லியிலிருந்து ஆள் வந்தார்கள். மூன்று ஜீப். பெரிய அதிகாரி தலைப்பாகை கட்டிய சர்தார். திருவனந்தபுரத்து எஞ்சினீயர் ஒருத்தரும் கூட வந்தார். அவர் கையில் வேறு ஒரு படம் இருந்தது. பஜாரில் விசாரித்து வெள்ளம் ஏகதேசம் ஆறடி என்று போட்டு, எட்டடியில் பாலம் வரைந்திருந்தார். சர்தார் இரண்டு படத்தையும் ஜீப்பின் மேல் வைத்துப் பார்த்தார். எது சரி என்று கேட்டார். நான் பாறையைக் காட்டினேன்.

அவர் பூட்ஸோடு இறங்கிப் போய்ப் பார்த்தார். எட்டுக் கோடும் நேராக இருக்கிறது, மேலே உள்ள ஒன்று மட்டும் ஏன் பாதியில் வளைந்து கீழே இறங்குகிறது என்று கேட்டார். அவர் இங்கிலீஷில் கேட்டதை எஞ்சினீயர் மலையாளத்தில் பிரசிடெண்டிடம் கேட்டார். பிரசிடெண்ட் என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லுங்க, மறைக்காண்டாம்" என்றேன். "கடைசிக் கோட்ட எங்க வீட்டுக்காரரு வெள்ளத்துல எறங்கிப் போட்டாரு. அவரு கரையேறல."

பிரசிடெண்ட் நீளமாகச் சொன்னார். எஞ்சினீயர் அதை இங்கிலீஷில் சொன்னபோது நாலைந்து சொல்தான் இருந்தது. சர்தார் மறுபடியும் பாறைக்குப் போய்த் தாமே டேப்பு பிடித்து அளந்தார். ஒன்பது அடி நாலு அங்குலம். எஞ்சினீயரின் படத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, பாலம் பதின்மூன்று அடியில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நீ டிசம்பரில் எழுதியதற்கு என் பதில் இதுதான். ஆறடி என்று போட்டிருந்தால் எட்டடியில் பாலம் கட்டியிருப்பார்கள். அது எத்தனை வருஷம் நின்றிருக்கும், எத்தனை பேரைக் கொண்டு போயிருக்கும் என்று நீ கணக்குப் பார்த்துக்கொள். அந்த அஞ்சு அடிக்கு அவர் ஈடா என்று மட்டும் கேட்காதே. அது எனக்குத் தெரியாது.

அக்கா

மஞ்சக்குழி,
4-7-1976

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். நீயும் செல்லாத்தாளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

பாலம் திறந்துவிட்டார்கள். ஆறடி அகலம், இரும்புக் கைப்பிடி. குடிதண்ணீர்த் தொட்டி வரவில்லை, பஸ் ஸ்டாண்டும் வரவில்லை. பஜார் மெம்பர்கள் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பிரசிடெண்ட் மேடைக்கு ஒரு பந்தல் போட்டார், பேசியவர்கள் எல்லாம் கம்பெனிக்கு நன்றி சொன்னார்கள். பாலத்துக்கு உன் மச்சான் பெயரை வைக்க எழுதிக் கேட்கலாம் என்றார் பிரசிடெண்ட். பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் பெயரை மட்டும் வைத்தால் மற்ற ஆறு வீட்டுக்காரர்கள் முகத்திலும் நான் எப்படி விழிப்பேன் என்று வேண்டாம் என்றுவிட்டேன். கரடியாற்றுப் பாலம் என்றே எழுதியிருக்கிறார்கள்.

மேடையில் கூப்பிட்டார்கள். போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கூடையை மாட்டிக்கொண்டு பூமாரியோடு நடந்து போய்க் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு இருபத்திரண்டு கிலோ. ராமுத்தாய் இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கிறாள், காரணமே இல்லாமல்.

அந்த ஆவணிக் கடைசிக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. திறப்பு விழாவுக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சரி.

இந்த ஆடியில் வா. மழை குறையட்டும் என்று காத்திருக்காதே, தண்ணீர் நிறையப் போகும்போதே வா. குழந்தையைக் கம்பளியில் சுற்றிச் செல்லாத்தாள் எடுத்துக்கொள்ளட்டும். பஸ் உங்களை அந்தக் கரையில் இறக்கிவிடும். ஆற்றுச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. பாலத்தின் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், எல்லோருக்கும் முதல் தடவை கால் தயங்குகிறது. கீழே பார்க்காமல் நேரே பார்த்து நட.

நான் இந்த முனையில் நிற்பேன்.

உன் அக்கா,
அழகுத்தாய்